இடுப்பு வலியின் பேரால்

மனிதனுக்கு வரும் உபாதைகளுக்குள் இடுப்பு வலியைப்போல் சர்வ சாதாரணமானது வேறொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது. அதைப்போல் பொய்க்கும் புரட்டுக்கும் இடங்கொடுத்து வருவதும் வேறொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது. நாற்று நடுகிறவளுக்கும் அது வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்கும் வருகிறது. மூட்டை தூக்குகிறவனுக்கும் வருகிறது. மூட்டையின்மேல் விரல்கூட வைக்காத முதலாளிக்கும் வருகிறது. மந்திரிக்கிறவனுக்கும் வருகிறது; அவனிடம் மந்திரித்துக் கொள்ளுகிறவனுக்கும் வருகிறது. 2020-ம் வருஷத்தில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேர் இந்த வலியோடு இருந்தார்கள் என்றும், 2050-ம் வருஷத்தில் இத்தொகை 84 கோடியைத் தாண்டிவிடும் என்றும் 2023-ல் வெளியான உலகக் கணக்கு ஒன்று சொல்லுகிறது. மனிதனை வேலைக்கு லாயக்கில்லாமல் முடக்கிப் போடும் காரணங்களை வரிசைப்படுத்தினால் உலகத்தில் முதலாவதாக நிற்பது இந்த வலியே யாகும்.

நாம் இங்கு இடுப்பு வலி என்று சொல்லுவது, விலா எலும்புக்குக் கீழும் பிட்டத்துக்கு மேலுமாக முதுகின் அடிப்பாகத்தில் உண்டாகும் வலியையே யாகும். சில ஜில்லாக்களில் இதைக் குறுக்கு வலி என்பார்கள். திடீரென்று குனிய முடியாமல், நிமிர முடியாமல் பிடித்துக் கொண்டால் இடுப்புப் பிடிப்பு என்பார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்.

இவ்வளவு பொதுவான ஒரு வலியை ‘முன் ஜென்ம வினை’ என்று சொல்லுகிறவர்கள் இன்னும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 61 கோடிப் பேரும் முன் ஜென்மத்தில் கூடிப் பேசிக்கொண்டு ஒரே பாவத்தையா செய்தார்கள்? ஆண்களைவிடப் பெண்களுக்கு இவ்வலி அதிகமாக இருப்பதாய்க் கணக்குகள் காட்டுகின்றனவே, பாவத்திலும் பெண்களுக்குத்தான் பெரும்பங்கா? வினையின்மேல் பழியைப் போட்டுவிட்டால், காரணத்தைத் தேட வேண்டிய வேலையும் இல்லை, தலைமேல் சுமையை ஏற்றினவனைக் கேள்வி கேட்க வேண்டிய வேலையும் இல்லை. அதனால்தான் வினை என்னும் வார்த்தை சோம்பேறிகளுக்கும் சுகவாசிகளுக்கும் இவ்வளவு சௌகரியமாக இருக்கின்றது.

இனி, வலி வந்ததும் நம் மக்கள் செய்கின்ற காரியங்களைப் பார்ப்போம். ஒரு ஊரில், பிறக்கும்போது கால் முன்னே வந்து பிறந்தவனைத் தேடிப் பிடித்து, அவன் காலால் முதுகில் உதைக்கச் சொல்லுகிறார்கள். இன்னொரு ஊரில், இரட்டைப் பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டு நீவிவிடச் சொல்லுகிறார்கள். வேறொரு ஊரில் உலக்கையை முதுகின்மேல் உருட்டுகிறார்கள். மற்றொரு இடத்தில் கயிறு மந்திரித்து அரையில் கட்டுகிறார்கள். இன்னொரு இடத்தில் ‘வாயு இறங்கிப் பிடித்துக்கொண்டது’ என்று சொல்லி, அந்த வாயுவை வெளியேற்ற ஒரு லேகியம் விற்கிறார்கள். இவ்வளவு பேரும் ‘எத்தனையோ பேருக்குச் சரியாய்ப் போயிற்று, போய்க் கேட்டுப் பாருங்கள்’ என்றுதான் சொல்லுகிறார்கள்.

அவர்கள் சொல்லுவது முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. சரியாய்ப் போனது மெய்தான். ஆனால் யாரால் போயிற்று என்பதுதான் கேள்வி. திடீரென்று வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலோருக்கு, ஒன்றுமே செய்யாவிட்டாலும், முதல் சில வாரங்களுக்குள் நன்றாய்க் குறைந்துவிடக் கூடியதாகும். அதுதான் அவ்வலியின் சுபாவம். வலி எப்போது உச்சத்தில் இருக்கிறதோ அப்போதுதான் மனிதன் வைத்தியனைத் தேடி ஓடுகிறான். உச்சத்திற்குப் போனது இறங்கித்தானே ஆகவேண்டும்? அது இறங்குகிற சமயத்தில் எவன் பக்கத்தில் இருந்தானோ அவன் கெட்டிக்காரனாகி விடுகிறான். உதைத்தவன் இருந்தால் உதைத்தவனுக்குப் பேர். கயிறு கட்டியவன் இருந்தால் கயிற்றுக்குப் பேர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிமார் சொல்லிச் சிரித்தார்கள். அதே பாட்டிமார்களின் பேரப் பிள்ளைகள் காக்கைக்குக் காணிக்கை கட்டுகிறார்கள்.

அப்படியானால் எது மெய் வைத்தியம், எது காக்கை வைத்தியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு வழி உண்டு. ஒரே மாதிரி வலியுள்ளவர்களைத் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தையும் இன்னொரு கூட்டத்துக்கு மருந்தைப்போலவே காணப்படும் வெறும் மாத்திரையையும் கொடுத்து, யார் எத்தனை நாளில் தேறினார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2014-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலியுள்ள 1652 பேர்களிடம் இவ்விதம் சோதித்தார்கள். சோதிக்கப்பட்டது லேகியமல்ல; உலகமெங்கும் டாக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவந்த பாராசிட்டமால் மாத்திரை. முடிவு என்ன? மாத்திரை தின்றவர்கள் தேறுவதற்கு நடுத்தரமாய் 17 நாள் ஆயிற்று. வெறும் மாத்திரை தின்றவர்களுக்கு 16 நாள் ஆயிற்று. அதாவது, அந்த மாத்திரையால் ஒருநாள்கூட லாபமில்லை. இந்த முடிவை வெளியிட்டவர்களும் வைத்தியர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னுடைய மருந்தையே தராசில் வைத்து நிறுத்து, ‘இது பிரயோஜனப்படவில்லை’ என்று ஊரறியச் சொல்லுவதுதான் அறிவின் லட்சணம். உதைக்கிறவனோ கயிறு கட்டுகிறவனோ என்றைக்காவது இப்படித் தன் தொழிலைத் தராசில் வைத்ததுண்டா?

கிராமத்து மக்களைப் பற்றி இவ்வளவு சொன்னதைக் கேட்டுப் பட்டணத்துப் படிப்பாளிகள் சிரிப்பார்களானால், அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்களுக்கென்று ஒரு தனி மூடநம்பிக்கை ஏற்பட்டிருக்கின்றது. அது என்னவென்றால் ஸ்கேன் படம். நாலு நாள் இடுப்பு வலித்தால் ஒருவர் சொல்லாமலே போய்ப் படம் பிடித்துக் கொள்ளுகிறார்கள். படத்தில் ‘தேய்மானம்’ என்று ஒரு வார்த்தை இருக்கும். ‘ஜவ்வு விலகியிருக்கிறது’ என்று ஒரு வார்த்தை இருக்கும். அவ்வளவுதான்! அன்று முதல் அந்த மனிதன் குனியமாட்டான், குழந்தையைத் தூக்கமாட்டான், சைக்கிள் மிதிக்கமாட்டான். ‘எனக்கு எலும்பு தேய்ந்துபோய்விட்டது’ என்று தனக்குத்தானே ஒரு மந்திரத்தை நாள்தோறும் ஜெபித்துக் கொண்டிருப்பான். ஜாதகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அந்தப் படம் என்ன சொல்லுகிறது என்பதை அறிய வேண்டுமானால், இடுப்பின் அமைப்பைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக் கட்டைகள் 5 உண்டு. ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் நடுவில் மெத்தை போன்ற ஒரு வட்டம் இருக்கிறது. அதைத்தான் ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் சொல்லுகிறார்கள். அதன் வெளிப்பாகம் கெட்டியான நார். உட்பாகம் நீர்ப்பசையுள்ள மிருதுவான பொருள். வயது ஆக ஆக இதில் நீர்ப்பசை குறையும், உயரம் குறையும், ஓரம் சற்றுப் பிதுங்கும். தலை நரைப்பதைப்போல், தோல் சுருங்குவதைப்போல், இது உள்ளே நடக்கும் ஒரு நரை. தலை நரைத்தால் தலை வலிக்கிறதா? இல்லையே!

இது நம் யூகமல்ல. 1994-ல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கு ஜவ்வு ஒரிடத்திலாவது பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் சரியாக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். பின்னர் 2015-ல் இம்மாதிரியான பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 96 பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் படத்தில் இருப்பதாகத் தெரிந்தது. ஆகவே வலியுள்ளவன் படத்தில் தேய்மானம் காணப்பட்டால், அதுதான் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்லிவிட முடியும்? வலியில்லாத அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதேதானே இருக்கிறது?

ஜவ்வு ‘விலகிவிட்டது’ என்பதும் பயமுறுத்தும் வார்த்தையே. சட்டைப் பையிலிருந்து காசு நழுவுவதுபோல் அது நழுவி விழுவதில்லை. உள்ளேயிருக்கும் மிருதுவான பாகம் வெளி நாரைக் கிழித்துக்கொண்டு பிதுங்கலாம். அது பக்கத்திலுள்ள நரம்பை உறுத்தினால் பிட்டத்திலிருந்து காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கும். இது மெய்யான துன்பம். அதை நாம் அற்பமாகச் சொல்லவில்லை. ஆனால் பிதுங்கிய பாகத்தைப் பெரும்பாலும் சரீரமே நாளடைவில் கரைத்துச் சுருக்கிவிடுகிறது என்பதும், பெரும்பாலோருக்குக் கத்தி வைக்காமலே சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இவ்வலி தணிகிறது என்பதும் வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மைகளாகும். மற்றும், இடுப்பு வலிக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு ‘இந்த இடத்தில் இந்தப் பழுது’ என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் ஒன்றுமே கிடையாது. தசை, நார், மூட்டு, நரம்பு, தூக்கம், கவலை, வேலை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் வலியாகவே அது இருக்கின்றது. காரணம் காட்ட முடியாததாலேயே வலி பொய் என்று ஆகிவிடாது. பழுது காட்ட முடியாததாலேயே பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம்.

இனிப் படுக்கைப் புரட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். ‘இடுப்பு வலியா? பலகையில் படு, அசையாதே, ஒரு மண்டலம் எழுந்திருக்காதே’ என்று சொல்லும் வழக்கம் வெகுகாலமாக இருந்து வந்தது. பாட்டி மாத்திரமல்ல, டாக்டரும் அப்படியே சொன்னார். 1986-ல் அமெரிக்காவில் 2 நாள் படுக்கச் சொன்னவர்களையும் 7 நாள் படுக்கச் சொன்னவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2 நாள் கூட்டத்தார் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் மற்றவர்கள் இழந்ததைவிட நூற்றுக்கு 45 பங்கு குறைவாக இருந்தது. 1995-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரசபைச் சிப்பந்திகள் 186 பேரிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்தார் 2 நாள் படுத்தார்கள்; ஒரு கூட்டத்தார் முதுகுக்கென்று தேகாப்பியாசம் செய்தார்கள்; மூன்றாவது கூட்டத்தார் வலி பொறுத்த மட்டில் தங்கள் வழக்கமான காரியங்களைச் செய்து வந்தார்கள். முந்தித் தேறியவர்கள் மூன்றாவது கூட்டத்தாரே. படுக்கையிலேயே கிடந்தால் என்ன ஆகிறது? தசை இளைக்கிறது; மூட்டு விறைக்கிறது; மனது வலியையே எண்ணிக் கொண்டிருக்கிறது; பயம் வளருகிறது. பயம் வளர வளர அசைவு குறைகிறது. அசைவு குறையக் குறைய வலி கூடுகிறது. இந்தச் செக்கில் அகப்பட்டுக்கொண்டு வருஷக் கணக்காய்ச் சுற்றுகிறவர்கள் எத்தனை பேர்!

பெண்களைப் பற்றிய ஒரு பொய்யையும் இங்கே எடுத்துக் கூறாமலிருக்க முடியவில்லை. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்த தாய்மார்களில் பலர், ‘முதுகில் அந்த ஊசி போட்டார்கள், அன்று முதல் எனக்கு ஆயுசுக்கும் இடுப்பு வலி’ என்று சொல்லுகிறார்கள். ஊசி குத்திய இடம் சில நாள் நோவது உண்மைதான். ஆனால், பிரசவ காலத்தில் முதுகில் ஊசி போட்டுக் கொண்டவர்களையும் போட்டுக் கொள்ளாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில், பிற்காலத்து இடுப்பு வலியில் வித்தியாசம் காணப்படவில்லை. அப்படியானால் அந்தத் தாய்க்கு வலி எங்கிருந்து வருகிறது? பத்து மாதம் சுமந்ததில் தளர்ந்த வயிற்றுத் தசை இன்னும் தேறவில்லை, இரவில் தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவும் அவள், துணி துவைக்கவும் அவள், குடம் சுமக்கவும் அவள், எல்லோருக்கும் ஆக்கிப் போடவும் அவள். புருஷன் என்கிறவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ‘எல்லாம் அந்த ஊசியால் வந்தது’ என்று ஊசியின்மேல் பழி போடுகிறான். ஊசியைக் குற்றம் சொல்லுவது சுலபம். குடத்தில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு வருவதுதான் கஷ்டம். பெண் என்றால் இடுப்பு வலி இருக்கத்தான் செய்யும் என்று சொல்லுகிற வாய்க்கும், பெண் என்றால் அடிமை வேலை செய்யத்தான் வேண்டும் என்று சொல்லுகிற வாய்க்கும் வித்தியாசமில்லை.

இது நிற்க, நாம் சொல்லுவதைக் கேட்டு எந்த இடுப்பு வலிக்கும் டாக்டரிடம் போகவேண்டியதே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானது சாதாரணம் என்பதனாலேயே, சாதாரணமல்லாததைக் கண்டுகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அடியிற் கண்ட அறிகுறிகள் இருந்தால் மந்திரத்துக்கும் காத்திருக்கக் கூடாது. எண்ணெய்க்கும் காத்திருக்கக் கூடாது.

மர்ம ஸ்தானத்தைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப் போதல், சிறுநீர் இறங்காமல் அடைத்துக் கொள்ளுதல், மலமோ சிறுநீரோ அடக்க முடியாமல் போதல், இரண்டு கால்களும் பலம் குன்றுதல் ஆகிய இவைகள் நரம்புக் கற்றை நசுங்குவதற்கு அடையாளம். இது அபூர்வமானாலும், வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் நிரந்தர ஊனம் ஆகிவிடலாம்.

மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்த பிறகு வந்த வலி, எலும்பு மெலிந்த முதியவர்களுக்குச் சிறு அடியால் வந்த வலி, முன்பு புற்றுநோய் கண்டவர்களுக்குப் புதிதாக வந்த வலி, இவைகளையும் உடனே காட்ட வேண்டும்.

சாயங்கால ஜுரம், இரவு வியர்வை, எடை குறைதல், ஓய்விலும் தணியாமல் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்பில் க்ஷயரோகம் இருக்கலாம். க்ஷயம் நெஞ்சுக்கு மாத்திரம் வருவதல்ல. முதுகெலும்பு கூனிப்போய்க் கால் விழுந்து விடும் இந்நோயை 1779-லேயே லண்டன் ரணவைத்தியர் பெர்சிவால் பாட் என்பவர் விவரித்து எழுதினார். ஒரு காலத்தில் இந்நோயாளிகளை மாதக்கணக்கில் பிளாஸ்டர் சட்டை போட்டுப் படுக்க வைத்தார்கள். கொரியாவிலும் நம் சென்னையிலும் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாய், பெரும்பாலோர் நடமாடிக் கொண்டே மருந்து சாப்பிட்டுத் தேறலாம் என்று ஏற்பட்டது. அம்மருந்தை இன்று சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. அப்படியிருக்க, க்ஷயத்தால் அரிக்கப்பட்ட எலும்பின்மேல் ஒருவனை ஏற்றி உதைக்கச் சொன்னால் அது வைத்தியமா, கொலையா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட வாலிபனுக்கு, காலையில் எழுந்தவுடன் முதுகு விறைத்து, அரைமணிக்கு மேல் நீடித்து, படுத்தால் கூடி, நடமாடினால் குறைந்து, 3 மாதத்திற்கு மேல் வலி இருந்து வருமானால், அது முதுகெலும்பு மூட்டுகளைப் பற்றும் ஒரு தனி அழற்சி நோயாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு. ‘வாயு’ என்று சொல்லிப் பல வருஷத்தை வீணாக்கினால் முதுகெலும்பு ஒரே கட்டையாய் ஒட்டிப்போகக் கூடும்.

இவை ஒன்றும் இல்லாத சாதாரண வலிக்கு என்னதான் செய்வது? உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு யோசனைத் தொகுப்பை வெளியிட்டது. அதில், வலியைப் பற்றி நோயாளிக்கு விளங்கச் சொல்லுதல், தேகாப்பியாசம், நீவிவிடுதல் போன்ற சில கைவைத்தியங்கள், மனத்தின் பயத்தையும் சோர்வையும் போக்கும் முறைகள், தேவையானால் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை ஆகியவைகளை உபயோகிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இடுப்பில் கட்டும் பெல்ட்டு, எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அபின் இனத்து வலி மருந்துகள் ஆகியவைகளை வழக்கமாய் உபயோகிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக் கடைகளில் தோரணம்போல் தொங்கும் பெல்ட்டுகளைப் பார்க்கும்போது, அரையில் மந்திரக் கயிறு கட்டுவதைவிட இது எந்த விதத்தில் மேல் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நீவிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் போட்டு இதமாய் நீவினால் சுகமாக இருக்கிறது என்றால் அதை நாம் மறுக்கவில்லை. கைக்கு அந்தச் சக்தி உண்டு. இரட்டைப் பிள்ளைக்கு இல்லை. ஒற்றைப் பிள்ளை பெற்றவள் நீவினாலும் அதே சுகம்தான். பிள்ளையே பெறாதவள் நீவினாலும் அதே சுகம்தான். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. சுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுக்கதையைத் தள்ளிவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வீக்கம் தணிக்கும் மாத்திரைகள் சில நாளைக்கு வலியை மட்டுப்படுத்தும். ஆனால் சீட்டில்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும், மூத்திரக் காய்க்குக் கெடுதலும் உண்டாகும். கர்ப்பிணிகளும், ரத்தக் கொதிப்பு, மூத்திரக்காய் நோய், வயிற்றுப் புண் உள்ளவர்களும் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது.

எல்லாவற்றிலும் மேலான மருந்து, காசு கொடுத்து வாங்க முடியாத மருந்து, நடை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை முடிவு வெளியாயிற்று. இடுப்பு வலி வந்து அப்போதுதான் தேறியிருந்த 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்தாரைச் சிறிது சிறிதாக நடையைக் கூட்டி, வாரத்துக்கு 5 தடவை அரைமணி நேரம் வரையில் நடக்கும்படி பழக்கினார்கள். முதுகைப் பற்றிய விஷயங்களையும் அவர்களுக்கு விளக்கிச் சொன்னார்கள். மற்ற கூட்டத்தாருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாதவர்களுக்கு நடுத்தரமாய் 112 நாளில் வலி திரும்பி வந்தது. நடந்தவர்களுக்கு 208 நாள் வரையில் வரவில்லை. ஒரு செப்புக்காசு செலவில்லாமல் கிடைத்த லாபம் இது. கோவிலை 108 தடவை சுற்றியவனுக்கு இடுப்பு வலி குறைந்தது என்றால், அந்தப் பலன் சுற்றிய காலைச் சேர்ந்ததே ஒழிய, உள்ளே இருக்கும் கல்லைச் சேர்ந்ததல்ல. குளத்தைச் சுற்றினாலும் அதே பலன்தான்.

ஆகவே வலி வந்தால் முதல் இரண்டொரு நாள் கடும் வேலையை மட்டும் குறைத்து, ஒரே நிலையில் வெகுநேரம் இராமல் எழுந்து நடமாடி, வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான காரியங்களைத் தொடர்ந்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டிக்கொண்டே வரவேண்டும். குனிவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. முதுகு குனிவதற்காகவே அமைந்தது. அசையும்போது சிறிது வலித்தால் உள்ளே எதோ கிழிகிறது என்று அர்த்தமல்ல. பீடி, சிகரெட்டை விடவேண்டும். தொந்தியைக் குறைக்க வேண்டும். நேரத்தில் தூங்க வேண்டும். வேலையின் தன்மை, புகை, அதிக எடை ஆகிய மூன்றும் சேர்ந்தே இடுப்பு வலியால் உண்டாகும் முடக்கத்தில் நூற்றுக்குச் சுமார் 39 பங்குக்குக் காரணமாயிருப்பதாக முன்சொன்ன உலகக் கணக்கு கூறுகிறது.

இதில் புகையையும் தொந்தியையும் மனிதன் தானே குறைத்துக் கொள்ளலாம். வேலையின் தன்மையை யார் மாற்றுவது? ‘மூட்டையை இப்படித் தூக்கு, முதுகை இப்படி வை’ என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்தால் போதும் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். உபதேசத்தால் மட்டும் வலி குறைவதில்லை என்று சோதனைகள் காட்டிவிட்டன. சுமையைக் குறைத்தால்தான் முதுகு பிழைக்கும். மனிதன் கையால் தூக்கும் பாரம் வயது வந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-லேயே சிபாரிசு செய்தது. அதுவே அதிகம் என்பது நம் அபிப்பிராயம். ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. கூலி கூடக் கிடைக்குமென்று ஒரே நடையில் இரண்டைத் தூக்குகிறவர்களை நாம் கண்ணால் பார்க்கவில்லையா? ‘நட, ஓய்வெடு, நேரத்தில் தூங்கு’ என்று அவனுக்கு நாம் சொன்னால் அவன் சிரிக்கமாட்டானா? ஆதலால் தள்ளுவண்டியும், உருளையும், சிறிய மூட்டையும், வேலை நடுவில் இளைப்பாற நேரமும் கேட்பது சங்கங்களின் கடமையாகும். அறிவு என்பது நோயாளியின் தலைக்குள் மாத்திரம் இருந்தால் போதாது. வேலை வாங்குகிறவனுடைய தலைக்குள்ளும் புகவேண்டும்.

‘எங்கள் நம்பிக்கை எங்களுக்கு, ஒரு கயிறு கட்டிக் கொண்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்று சிலர் கேட்பார்கள். நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் கட்டுகிறவர்களுக்குத்தான். கயிற்றை நம்பிக் காத்திருந்த நாட்களில் க்ஷயம் எலும்பை அரித்துவிட்டால் அந்த எலும்பைக் கயிறு திருப்பிக் கொடுக்காது. படத்தை நம்பிப் படுத்துக்கிடந்த வருஷங்களில் போன கூலியையும் தைரியத்தையும் படம் திருப்பிக் கொடுக்காது. பழைய பூசாரி சாமியைக் காட்டிப் பயமுறுத்துகிறான்; புதிய பூசாரி படத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறான். பயம் உள்ளவரையில் இருவருக்கும் பிழைப்பு உண்டு.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலாவதாக மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையானால் பயத்தை விடுங்கள், எழுந்து நடங்கள். யாராவது ஒருவர் கைகண்ட வைத்தியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தால், ‘இது இல்லாமலிருந்தால் எத்தனை நாளில் சரியாகியிருக்கும்?’ என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். கயிறு கட்டுகிறவனையும் கேளுங்கள். கத்தி எடுக்கிறவனையும் கேளுங்கள். மெய்யான வைத்தியன் அந்தக் கேள்விக்குச் சந்தோஷமாய்ப் பதில் சொல்லுவான்.